பெரியப்பாவின் சூடான கால்கள்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.

பேரன்புக்குரிய தர்சன் அண்ணாவுக்கு,

உங்கள் சித்தப்பா மகள் நிரோஜினி வணக்கத்துடன் எழுதுவது. அந்த வெளிநாட்டுக் குளிரிலும் நீங்கள் நலமாயிருக்க வேண்டும். முதலில் முக்கியமானது: உங்கள் அப்பா உயிருடன் இருக்கிறார். கனகம்மா மாமி அழுதழுது அனுப்பிய குரல்பதிவை நம்ப வேண்டாம். உடனே வருவதாக நீங்கள் அனுப்பிய பதிலையும் பார்த்தேன். இத்தனை வருடமாக லீவு கிடைக்காத நீங்கள் இதற்காக வேலையை விட்டு ஓடிவர வேண்டாம்.

ஹேர்ணியா ஒப்பரேசனுக்காகப் பெரியப்பாவின் முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரி வாட்டில், முதியவர்களின் கால் இரத்த ஓட்டத்தை ஆராயும் டொக்டர் றிஷானா அவருடைய இரு பெருவிரல்களிலும் சிறு கருவிகளைப் பூட்டி, வயர் கழலாதபடி விரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிவிட்டுப் போனார், பெரியப்பா கண்ணை மூடிக் கிடந்தார், துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதியது, அந்த நேரம் பார்த்து மாமி திரையை விலக்கினார். பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவது எந்த வீட்டில் என்று உங்களுக்குத் தெரியும். "என்ர அண்ணே!" என்ற சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்தே நின்றுவிட்டார். நான் தடுப்பதற்குள் குரல்பதிவு உங்களிடம் வந்துவிட்டது. அதன் பிறகுதான் மாமி காலைக் கட்டிப்பிடித்தார். பிடித்த கையை உதறினார்.

"சுடுகுதடி பிள்ளை! அண்ணன்ர கால் எந்த நாளும் ஐஸ் மாதிரியெல்லோ? உது வேற ஆற்றையோ கால்!"

பெரியப்பா கண் திறந்தார். போர்வைக்குள் கையை விட்டுத் தொடையைத் தடவினார். முகம் வெளிறியது.

"நிரோஜி, என்னோட ஆர் படுத்திருக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை. அது உங்கட கால், பெரியப்பா."

"என்ர கால் எனக்குத் தெரியாதே? இதுக்குச் சூடு இருக்கு. என்ர ரெண்டையும் எங்க வச்சவங்கள்?"

நானும் தொட்டேன். கணுக்காலில் நாடி துடித்தது. கிள்ளினேன். பெரியப்பா அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மயிர் கூச்செறிந்தது.

டொக்டர் ஓடிவந்தார். "பயப்படாதேங்கோ ஐயா. இரத்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கிற நரம்பையும் அந்த ஊசி நித்திரையாக்கும். குழாய் விரிஞ்சு இரத்தம் காலுக்கு இறங்கும். அதுதான் சூடு. வயசானாக்களுக்கு பிரஷரும் குறையலாம், அதாலதான் பாக்கிறம்."

"அதுக்கு விரலைக் கட்டுவீங்களோ?" என்றார் மாமி. டொக்டர் துணியை அவிழ்த்தார்.

மாலையில் விரல்கள் அசைந்தன. கால்களும் பழையபடி குளிர்ந்தன. ஆகவே வர வேண்டாம். கோணேசர் உங்களையும் அண்ணியையும் காக்கட்டும்.

அன்புத் தங்கை,
நிரோஜினி

பி.கு.: இதைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவன் வெளிக்கிட்டிட்டானோ?" என்றார். ஓம், இப்பதான் பிளேன் ஏறினாராம் என்றேன். "அப்ப இதை இப்ப அனுப்பாத, பிள்ளை. அவன் வந்து இறங்குமட்டும் நான் செத்தே கிடக்கிறன்." ஆகவே இதை உங்களைக் கூட்டிவரும் வான்காரரிடம் கொடுத்துவிடுகிறேன்; உங்கள் கைக்கு வரும்போது நீங்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிற்பீர்கள். அழாமல் வாருங்கள் அண்ணா, அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.