கிண்டிப் பார்க்கிறவர்

மனிதர்களில் கிண்டிப் பார்க்கிறவர் என்றோர் இனம் உண்டு. சோறு கொதிக்கும் முன்பே மூடியைத் திறப்பவர், ஈரப் பெயிண்டில் விரலை வைத்துக் காய்ந்ததா என்று கேட்பவர், நட்ட விதையைத் தோண்டியெடுத்து முளையைத் தேடிவிட்டு மறுபடி புதைப்பவர் எல்லாரும் இவரே. பொறுமை மருந்துக்கும் கிடையாது. அதற்கு இவர் வைத்திருக்கும் பெயர் அக்கறை.

இவரை முழுசாகப் பார்க்க வேண்டுமா? இவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நெருப்பெறும்பு புற்று வைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இந்த இனம்தான்; அவர் கொல்லையில் வைத்தது. துணிக்கொடிக் கம்பத்தின் அடியில், மேலே ஓட்டையே தெரியாமல், சலித்துக் கொட்டியதுபோல் ஒரு மண்மேடு. தவழ்ந்து போன அவர் பேத்தி அதில் கையை ஊன்றிவிட்டாள். மறுநாள் கை முழுக்கச் சீழ்க்கொப்புளம். எறும்பு ஒழிகிறவரை வரமாட்டேன் என்று மகள் கிளம்பிவிட்டாள். நியாயம்தானே?

நம்மவர் முதல் காரியமாகக் குச்சியை எடுத்துப் புற்றைக் கிண்டினார். என்ன எறும்பு என்று கண்டுபிடிக்கிறாராம்! கலைத்த நொடியில் அது சிவப்பாகக் கிளம்பி முழங்கால்வரை ஏறி, எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கடித்தது. கண்டுபிடித்துவிட்டார். தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தபடி கொல்லையைச் சுற்றி ஓடினார்.

மனைவிக்குத்தான் புத்தி இருந்தது. குருணை மருந்து வாங்கி, புற்றின் மேல் கொட்டாமல் சற்றுத் தள்ளிச் சுற்றிலும் தூவினார். தீனி என்று நினைத்து எறும்பே அதைச் சுமந்துபோய் ராணிக்கு ஊட்டும்; ராணி போனால் கூட்டம் போச்சு. நாம் செய்ய வேண்டியது, சும்மா இருப்பது.

"ஏங்க, ரெண்டு வாரம் அந்தப் பக்கமே போகாதீங்க. தண்ணியும் ஊத்தாதீங்க."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன சின்னக் குழந்தையா?"

குழந்தையென்றால் ஒரு கடியோடு விட்டிருக்கும். விடிந்ததும் இவர் ஒட்டடைக் கம்போடு புற்றருகே குந்தியிருந்தார்.

"வேலை செய்யுதான்னு பாக்க வேணாமா?"

ஒரே குத்து. செத்த எறும்பு ஒன்றுமில்லை. மருந்து போலி என்று தீர்ப்பளித்து, ஒரு குண்டான் வெந்நீரையும் கவிழ்த்தார். மருந்து கரைந்தது. தப்பிய எறும்புகள் ராணியோடு வீடு மாறின. ஓரிரு நாளில் புற்று ஓய்ந்ததும் நம்மவர் மகளுக்குப் போன் போட்டார்.

"பூண்டோட ஒழிச்சுட்டேம்மா! கெளம்பி வா!"

நம்பி வந்தாள். குழந்தையைப் பின்வாசல் படியோரம் இறக்கிவிட்டாள். எறும்பு குடிபோயிருந்தது அந்தப் படிக்கு அடியில்தான். குழந்தை அலறியதை என் வீட்டு அடுக்களையில் நின்று கேட்டேன். அந்த மனிதர்மேல் வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மறுநாள் மகள் பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். வழியனுப்ப வந்த தாத்தா, பேத்தியின் கையைப் பிடித்து, கொப்புளத்தை விரலால் அழுத்தினார்.

"வத்துதான்னு பாக்கறேன்."

மகள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் முடிவு என்னவென்று பாதியிலேயே இந்தப் பத்திக்குத் தாவி எட்டிப் பார்த்தவர் யாராவது இருந்தால், உங்கள் வீட்டுக்கு நான் தாராளமாக வருவேன். குழந்தையை மட்டும் இடுப்பைவிட்டு இறக்கமாட்டேன்.