கொப்பரைக் களத்தில் வைட்டமின் டி

இந்தப் பத்து நாள் லீவில் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று சென்னியப்பன் உறுதி பூண்டிருந்தார். மனைவி சாந்தாமணியோ, அவர் கையாலேயே வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கவைக்க டப்பாவே வாங்கி வைத்துவிட்டாள்.

தப்பிக்க வழி செல்போனில் ஒரு செய்தியாக வந்தது. வைட்டமின் டி குறைந்தவர்களிடம் மனச்சோர்வும் அதிகம் காணப்படுகிறதாம். உடனே ரத்தம் கொடுத்துப் பார்த்தார். வீட்டை விட்டால் கார், காரை விட்டால் ஏசி ஆபீஸ் என்று வாழ்கிற உடம்பில் டி எங்கே இருக்கும்? அடிமட்டத்தில் கிடந்தது. ரிப்போர்ட்டோடு துள்ளிக் குதித்து வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போது முகத்தையும் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"மனசே செரியில்ல அம்மணி. ஒடம்புல டி இல்லீன்னா இப்படித்தான் ஆகுமாம்."

"மத்தியானம் பிரியாணியப் பாத்துச் சிரிச்சீங்களே?"

"அது சோர்வுச் சிரிப்பு."

"டாக்டரு என்னங்க சொன்னாரு?"

"தொடர்பு இருக்குது, ஆனா அது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாதுன்னு மாத்திரை எழுதுனாரு. அவருக்கென்ன தெரியும்? உங்கப்பா ஊட்டுல போய்ப் படுத்துக் கெடந்தாத்தான் எனக்குச் செரியாகும்."

மாமனார் வீட்டில் மாப்பிள்ளை தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தானாக எடுக்க வேண்டியதில்லை. அவருக்கு வேலை சொல்ல யாருக்கும் வாய் வராது. கட்டிலும் நாட்டுக்கோழிக் குழம்பும் இருக்கும் இடத்துக்கே வரும். சென்னியப்பனின் கணக்கு அதுதான்.

சாந்தாமணி அவர் போனை வாங்கி, அவர் பாதியோடு நிறுத்திய செய்தியைக் கடைசி வரி வரை படித்தாள்.

"செரீங்க, போலாம்" என்றாள். இத்தனை சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதே இல்லை. அப்போதாவது மனுஷனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

உடுமலைப்பேட்டையில் மாமனார் அரங்கசாமியின் கொப்பரைக் களத்தில், உடைத்த தேங்காயெல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. திருப்பிப் போட ஆள் கிடைக்காமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை, கட்டிலில் சாய்ந்திருந்த மாப்பிள்ளையைப் பக்குவமாக எழுப்பிக் களத்து நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"மாமா! மாப்பிள்ளைய வேலை வாங்கறதுங்களா?"

அரங்கசாமி பதறிப்போய்க் கும்பிட்டார். "ஐயோ, வேலைங்களா? நான் அப்படிச் சொல்லுவனுங்களா மாப்பிள்ள? மருந்துங்க! வெயில் படோணும், ஒடம்பு அசையோணும்னு அம்மணி படிச்சுக் காட்டுச்சுங்க."

குனிந்து குனிந்து திருப்பியதில் முதுகு விட்டுப்போனது. உச்சி வெயிலில் சென்னியப்பன் அலறினார்.

"அம்மணி! சோர்வெல்லாம் போயே போச்சு! ஊட்டுக்குப் போலாம், பெயிண்ட் அடிச்சுப்போடறேன்!"

நிழலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்த சாந்தாமணிக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"பாத்தீங்களாப்பா, அரை நாள்லயே மருந்து கேக்குது! பாதியில நிறுத்திப்போடக் கூடாதுங்க. கொப்பரை காயற வரைக்கும் இருக்கட்டும்."