ஒன்றரை மணிக் கேட்டகின்

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யாரென்று உலகத்துக்குத் தெரியாது. சக்கரத்தை முதலில் உருட்டியவர் யாரென்றும் தெரியாது. மதியம் ஒன்றரை மணிக்கு நாற்பத்திரண்டு ஊழியர்களுக்குக் கட்டாயமாகக் கிரீன் டீ புகட்டலாம் என்று கண்டுபிடித்த மேதையின் பெயராவது, நல்லவேளை, பதிவேட்டில் இருக்கிறது. அவர்தான் மேலாளர். அலுவலக நலக்குழுவின் தலைவரும் அவரே, செயலரும் அவரே, கூட்டங்களில் கைதட்டலைத் தொடங்கிவைப்பவரும் அவரே.

அதென்ன ஒன்றரை மணி? அப்போதுதான் எல்லோரும் சாப்பாட்டு அறையில் மொத்தமாக மாட்டுவார்கள். சாப்பிட்ட கை காய்வதற்குள் ஒரு கோப்பை. குடித்ததும் பதிவேட்டில் ஒரு கையெழுத்து. குடிக்காதவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் "ஆரோக்கிய விரோதி" என்று எழுதப்படும். மூன்று சிவப்பு விழுந்தால் அந்த வருஷம் மருத்துவ விடுப்பு கிடையாது. பத்து நிமிஷம் கொதிக்கவிட்டால் இலையிலிருக்கும் கேட்டகின் என்ற சத்து முழுக்க இறங்கிவிடும் என்பது நலக்குழுவின் "ஆராய்ச்சி முடிவு". கூடவே கசப்பும் இறங்கியது. "கசக்குதா? அப்ப வேலை செய்யுதுன்னு அர்த்தம்!" என்று மேசை மேசையாகப் போய் மகிழ்ந்தார் மேலாளர்.

இந்த மகத்தான திட்டத்தின் தலையாய பயனாளி, கோப்பு அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள். எல்லோருக்கும் அவர் கோப்பு அக்கா. அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பத்து நாள் ரத்தப்போக்கு. அறுவைச் சிகிச்சை செய்தால் தீர்ந்துவிடும். ஆனால் ஹீமோகுளோபின் பத்துக்காவது வந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு இருந்தது எட்டரை. வெறும் வயிற்றில் இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குமட்டுகிறது, ராத்திரி போட்டால் வயிறு எரிந்து தூக்கம் போகிறது என்று அக்கா சொன்னதால் மதியம் சாப்பிட்டதும் போடச் சொன்னார். அக்கா ஒரு நாளும் தவறவிடவில்லை. ஒரு நாளும் தவறாமல் மேலே கிரீன் டீயும் ஊற்றப்பட்டது.

நான்கு மாதத்தில் எட்டரை எட்டானது. அறுவைச் சிகிச்சைத் தேதி இரண்டு தடவை தள்ளிப்போனது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, கீழ்த்தட்டுக் கோப்புக்குக் குனிந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. செத்துக்கித்துப் போய்விடுவோமோ என்று அக்கா பயந்துபோனார்.

"மாத்திரையை எதோட போடறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"கிரீன் டீயோடதான் டாக்டர். ஆபீஸ்ல உடம்புக்கு நல்லதுன்னு..."

"அடக் கடவுளே! டீ மேல தப்பில்லம்மா. ஆனா அதுல இருக்கற கேட்டகின் இரும்பைக் கண்டா விடாது, கெட்டியாப் பிடிச்சுக்கும். ரத்தத்துல சேர விடாம அப்படியே வெளியே கொண்டுபோயிடும். சாப்பாடு, மாத்திரை எல்லாம் முடிஞ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குடிங்க, யாரு வேண்டாம்னா?"

அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து பொங்கின. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை மேலாளரிடம் நீட்டினார். நலக்குழுவின் அவசரக் கூட்டம் மூன்றே வாரத்தில் கூடியது. கருத்துச் சொல்ல, அலுவலகத்தின் சோதனைக்கூடத்திலிருந்து ரசாயனக்காரர் வரவழைக்கப்பட்டார்.

"கேட்டகின் இரும்பைப் பிடிக்குமாமே. நம்ம ஆபீஸ் கேட்டகினுமா?" என்று கேட்டார் மேலாளர்.

"எல்லா ஊர்லயும் ஒரே கேட்டகின்தான் சார்."

"பிடிக்கக் கூடாதுன்னு ஒரு சுற்றறிக்கை விட்டுடலாமா?"

"அது படிக்காது சார்."

"படிக்காதா? அப்ப நம்ம ஊழியர்கள் மாதிரிதான்," என்று மேலாளர் பெருமூச்சு விட்டார்.

"சார், குடிக்க மாட்டேன்னு சொல்லல. எனக்கு மட்டும் மூணரைக்குக் கொடுங்க, போதும்," என்று அக்கா கெஞ்சினார்.

"மூணரைக்குப் பதிவேட்டுல கட்டம் இல்லையேம்மா! அச்சடிச்சாச்சே!"

நேரத்தை மாற்ற இயலாது என்றும், அக்காவின் ஹீமோகுளோபின் நலக்குழுவுடன் ஒத்துழைக்க வேண்டும் என்றும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. குடிக்காவிட்டால் விடுப்பு போய்விடும். குடித்தால் ரத்தம் ஏறாது. விடுப்பில்லாமல் ஆஸ்பத்திரியில் படுப்பது எப்படி? அக்கா குடித்தார். மூன்றாவது தடவையும் அறுவைச் சிகிச்சை தள்ளிப்போனது.

ஆண்டு விழா வந்தது. மேடையில் மேலாளர் முழங்கினார்: "இந்த வருஷம் நம்ம ஆபீஸ்ல ஆபரேஷனுக்குன்னு ஒருத்தர்கூட லீவு எடுக்கல! மூணு தடவை லீவு கேட்ட நம்ம கோப்பு அக்காவே மூணு தடவையும் ரத்து பண்ணிட்டாங்க. இதுதான் கேட்டகினோட வெற்றி!" கைதட்டலை அவரே தொடங்கிவைத்தார். "ஆரோக்கியத் திலகம்" விருதை வாங்க அக்கா அழைக்கப்பட்டார்.

நான்கே படி. ஏறுவதற்குள் அக்காவுக்கு மூச்சு இரைத்தது. உதடு வெளுத்திருந்தது. கேடயத்தை வாங்காமல் மைக்கை வாங்கினார்.

"எனக்கு ஆபரேஷன் வேண்டாம்னு ஆகல சார். கத்தி வைக்க உடம்புல ரத்தம் இல்லேன்னு அனுப்பிட்டாங்க. அந்த ரத்தம் எங்க போச்சுன்னு டாக்டரம்மா எழுதியே கொடுத்தாங்க, நீங்களும் படிச்சீங்க. படிச்சதுக்கப்புறமும் தினம் பக்கத்துல நின்னு ஊத்தினீங்க பாருங்க, அதைக் கேட்டகின் செய்யல சார். நீங்க செஞ்சீங்க."