கசங்கிய கோட்டுக்காரரிடம் நான் சொன்னது

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கு நீங்களும் அக்காவும் சலவைக்கடையும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உடம்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இங்கே குறைதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள்.

இந்தக் குழப்பத்தைத் தொடங்கிவைத்தது நீங்கள்தான் என்பதை மரியாதையோடு நினைவுபடுத்துகிறேன். உங்கள் கடைக்குக் கோட் வெளுக்கப் போட வந்தவர் அந்த நாட்டுப் பெண்கள் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறவர் என்று தெரிந்ததும், "என் தங்கச்சி பொண்ணு இங்கதான் சார் பொறந்தா, இப்போ அங்க கோல்கீப்பரா நிக்கிறா, கிளப்ல அவளுக்குப் பசைன்னே பேரு, பந்து கையில அப்படி ஒட்டிக்கும்" என்று கவுன்டரில் நின்றபடியே சொல்லியிருக்கிறீர்கள். அவரும் கோட்டில் இருந்த கறையை மறந்துவிட்டு, பெண்ணின் பெயரைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். இங்கே அதே வாரம் இந்த நாட்டு அணியிலிருந்தும் கிளப்புக்குப் போன் வந்தது. பிறந்தது அங்கே, நடக்கக் கற்றுக்கொண்டது முதல் வளர்ந்தது எல்லாம் இங்கே என்பதால் இரண்டு நாட்டுக்கும் ஆட அவளுக்குத் தகுதி உண்டாம். காய்கறிக் கடையில்கூட என்னை யாரும் முதலில் கவனித்ததில்லை மச்சான். இப்போது இரண்டு தேசங்கள் என் வீட்டுக் கதவைத் தட்டுகின்றன என்றதும் எனக்கு லேசாகத் தலை கனத்தது உண்மை.

அந்தக் கனத்தை இறக்கிவைத்தவர் கிளப் கோச். பகலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் என்பதால் எதையும் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டுதான் சொல்வார். எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, "அண்ணே, நட்பு ஆட்டம்னா ஒண்ணும் இல்ல. போட்டி ஆட்டத்துல சட்டையைப் போட்டு இறக்கிட்டாங்கன்னா, அப்புறம் அந்தப் பக்கம் மாறுறது லேசுப்பட்ட காரியம் இல்ல" என்றார். என் லிஃப்ட் மெக்கானிக் தொழிலில் வைத்துப் புரிந்துகொண்டேன். நட்பு ஆட்டம் என்பது புது லிஃப்டின் சோதனை ஓட்டம். போட்டி ஆட்டம் என்பது கட்டிடக்காரரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவது.

"இங்க ஏற்கெனவே நல்ல கீப்பருங்க மூணு பேர் இருக்காங்க. இவளை எதுக்குக் கூப்பிடுறாங்கன்னு நினைக்கிறீங்க?" என்றார் கோச்.

"திறமையைப் பார்த்துத்தான்."

"அந்தத் திறமை அந்தப் பக்கம் போயிடக் கூடாதுன்னு. கடைசி அஞ்சு நிமிஷம் இறக்குவாங்க, அதோட மறந்துடுவாங்க. நம்ம டீம்ல லெஃப்ட் பேக் ஆடுன பொண்ணுக்கு இதான் நடந்துச்சு. இப்போ ரெண்டு பக்கமும் இல்லாம நம்ம மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போட்டுக்கிட்டு இருக்கா."

உங்கள் மருமகள் ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டே, "எந்தக் கொடின்னு எனக்குக் கவலை இல்லப்பா. நிக்க ஒரு கோல்போஸ்ட் வேணும். உக்காரணும்னா நம்ம வீட்லயே சோபா இருக்கு" என்றாள். உங்கள் தங்கை என்னைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. நீங்க ஒண்ணும் பண்ணாம இருந்தாலே பாதி சரியாயிடும்" என்றாள். உங்கள் குடும்பத்தில் என்மேல் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு நன்றி.

சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க இரண்டு நாட்டு ஆட்களும் வருவதாக இருந்தது. முந்தின நாள் நீங்கள் போனில் சொன்னதை எழுத்து மாறாமல் எழுதுகிறேன்: "அவரைக் கண்டுபிடிக்கிறது சுலபம் மாப்பிள்ளை. சாம்பல் கலர் கோட். என் கையாலயே இஸ்திரி போட்டது. மடிப்பு கத்தி மாதிரி நிக்கும்." நான் அப்போதே மனதுக்குள் திட்டம் போட்டுவிட்டேன். உங்கள் ஆளிடம் பெண்ணை வானளாவப் புகழ்வது. இந்த ஊர் ஆளிடம் அவள் குறைகளை எல்லாம் எடுத்துவைத்து, ஆசையே விட்டுப்போகும்படி செய்வது.

ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒன்று இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதால் வேலையிலிருந்து நேராக, கம்பெனி ஜாக்கெட்டும் கருவிப் பையுமாகத்தான் மைதானத்துக்குப் போக முடிந்தது. கோலுக்குப் பின்னால் பெஞ்சில் இரண்டு பேர், இரண்டு பேருமே சாம்பல் கோட், நடுவில் ஓர் இடம் காலி. ஒரு கோட்டின் மடிப்பில் கை வைத்தால் ரத்தம் வரும். மற்றது பிழிந்து உதறாமல் போட்டுக்கொண்டது போல இருந்தது. யார் உங்கள் ஆள் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் வரவில்லை. போய் நடுவில் உட்கார்ந்தேன்.

கசங்கிய கோட்டுக்காரர் என் ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு, "லைட் எப்போ போடுவீங்க?" என்றார். மைதானத்து எலக்ட்ரீஷியன் என்று நினைத்துவிட்டார். இதுவும் நல்லதுக்குத்தான் என்று, "இருட்டினதும்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன். மச்சான், எனக்குப் பொய் வராது. லிஃப்டைப் பரிசோதித்தால் உள்ள பழுதை மட்டும்தான் சொல்வேன், இல்லாத பழுதைச் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் உள்ளதையே சொன்னேன். "அந்தக் கீப்பரா சார்? இடது காலால உதைச்சா பந்து எங்க போகும்னு பந்துக்கே தெரியாது. கார்னர் வந்தா அவசரப்பட்டு முன்னாடி ஓடி வந்துடுவா. தோத்தா யார்கிட்டயும் பேச மாட்டா, ஜெயிச்சா யாரையும் பேச விட மாட்டா."

"ரொம்ப நாளா பாக்கறீங்களோ?"

பிறந்ததிலிருந்து என்று வாய்வரை வந்துவிட்டது. "அடிக்கடி லைட் ரிப்பேருக்கு வருவேன்" என்றேன்.

பிறகு மடிப்புக் கோட்டுக்காரர் பக்கம் திரும்பி, அவளைப் போல ஒரு கீப்பர் இந்தப் பக்கத்தில் பிறக்கவில்லை என்று தொடங்கினேன். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. அந்த நேரம் பார்த்து உங்கள் மருமகள் ஒரு பெனால்டியைப் பாய்ந்து தட்டிவிட்டாள். நான் எழுந்து நின்று "என் தங்கமே!" என்று கத்திவிட்டேன். கசங்கிய கோட்டுக்காரர் எலக்ட்ரீஷியனை ஒரு தினுசாகப் பார்த்தார்.

ஆட்டம் முடிந்து கோச் வந்து அறிமுகம் செய்துவைத்தபோதுதான் எனக்குக் காலுக்கடியில் தரை இறங்கியது. மடிப்புக் கோட்டுக்காரர் இந்த ஊர்க்காரர். அவர் வீடு மைதானத்துக்கு அடுத்த தெரு. கசங்கிய கோட்டுக்காரர்தான் உங்கள் ஆள். எல்லை தாண்டி பஸ்ஸில் வந்தவர், வழி முழுக்க அந்தக் கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறார். உங்கள் இஸ்திரி ஒரு பஸ் பயணத்தைத் தாங்கவில்லை மச்சான்.

இப்போது நிலைமை இது. மடிப்புக் கோட்டுக்காரர் என் பேச்சில் மயங்கி, அடுத்த போட்டி ஆட்டத்துக்கே அவளைக் கூப்பிட்டிருக்கிறார். உங்கள் ஆள் என்னிடம் கை குலுக்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். உங்கள் தங்கை, "நான் என்ன சொன்னேன்?" என்ற ஒரே கேள்வியைப் பல ராகங்களில் கேட்கிறாள். நடந்ததை எல்லாம் மைதானத்திலேயே ஒப்புக்கொண்டதிலிருந்து பெண் என்னிடம் பேசுவதில்லை. ஆகவே அவர் கோட்டைக் கொண்டுவரும்போது நீங்கள் சொல்ல வேண்டும்: அந்த எலக்ட்ரீஷியன், அதாவது அவளுடைய அப்பா, ஆள் மாறிச் சொல்லிவிட்டார், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று.

உங்களிடம் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இங்கே பெஞ்சில் உட்கார்ந்தாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள், அங்கே கோலில் நின்றால் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவாள் என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. கீழ்த்தளத்திலேயே நிற்கிற லிஃப்டில் பழுதே வராது. ஆனால் அதற்காக யாரும் லிஃப்ட் வைப்பதில்லை. அதனால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா என்று உங்கள் தங்கை கேட்கச் சொன்னாள். நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி, கடையில் கூட்டம் குறையாமல் நெடுநாள் வாழ வேண்டுகிறேன்.

என்றும் உங்கள் அன்பிற்குரிய
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது உங்கள் மருமகள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். அன்றைக்கு உங்கள் ஆள் போகிற வழியில் அவளை நிறுத்தி, "உங்கப்பாவுக்கு உன்மேல என்னம்மா கோபம்?" என்று கேட்டாராம். அவள் இஸ்திரி விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சுவரில் சாய்ந்து சாய்ந்து சிரித்தாராம். பிறகு, "இப்போதைக்கு நீ ரெண்டாவது கீப்பர்தான். முதல் ஆளை மிஞ்சினா நீ நிப்ப. மிஞ்சலைன்னா இல்ல. வேற எதுவும் நான் சொல்ல மாட்டேன்" என்றாராம். மடிப்புக் கோட்டுக்காரர் என்னென்னவோ தருவதாகச் சொன்னாராம். இவள் அவரிடம் அங்கேயே "வேண்டாம் சார்" என்றும், உங்கள் ஆளிடம் "வரேன் சார்" என்றும் சொல்லிவிட்டாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். "கடிதம் எழுதி முடிக்கட்டும்னு இருந்தேன்ப்பா. ரொம்ப மும்முரமா இருந்தீங்க" என்கிறாள்.

அடுத்த மாதம் அவளை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் வீட்டில்தான் தங்குவாள். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டுவையுங்கள். தூக்கத்தில் பந்து பிடிக்கப் பாய்வாள், கை இடிக்கும். எழுப்ப வேண்டாம். பிடித்துவிட்டால் தானாகவே அமைதியாகிவிடுவாள்.