தலையணைக்குள் இன்ஸ்பெக்டர்

செத்தாலும் சாவதில்லை என்று இன்ஸ்பெக்டர் முடிவெடுத்துவிட்டார்.

நிஜ இன்ஸ்பெக்டர் இல்லை. தினமும் சாயங்காலம் டி.வி.யில் ஓடும் கொலை சீரியலில், ஒரு சின்ன ஊர் போலீஸ் ஸ்டேஷனைக் கட்டிக் காக்கிற இன்ஸ்பெக்டர். அங்கே அவர் மேஜையைத் தட்டினால் கொலைகாரன் எல்லாவற்றையும் கக்கிவிடுவான். வீட்டில் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டால் மனைவி திரும்பிப் பார்ப்பாள். டம்ளர் தானாக நகர்ந்ததுபோல இவர் முகத்தை வைத்துக்கொள்வார்.

முந்தின நாள் செட்டில் ஸ்டில் போட்டோக்காரர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "நேராப் பாருங்க சார். லேசாச் சிரிங்க." ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான், இவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. சீரியலில் உயிரோடு இருக்கப்போகிறவனை நேராகப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிற வழக்கமே கிடையாது. அந்தப் படம் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு. அதன் கீழே நின்று மற்றவர்கள் அழுவார்கள்.

இந்த வேடம் போனால் இந்த வயதில், இந்தத் தொப்பைக்கு, வேறு யார் வேடம் கொடுப்பார்கள்?

அந்தத் தொப்பைதான் வழியும் காட்டியது. அவருக்குப் பொருந்தும் யூனிஃபார்ம் கம்பெனியில் ஒன்றே ஒன்றுதான், அளவெடுத்துத் தைத்தது. அது இல்லாமல் சுட்டால் இன்ஸ்பெக்டர் செத்ததாக ஆகாது, யாரோ வழிப்போக்கன் செத்ததாகத்தான் ஆகும். யூனிஃபார்மைச் சுருட்டி வீட்டுக்குக் கடத்திக்கொண்டு வந்தார். தலையணை உறைக்குள் திணித்தார். கம்பெனிக்கு போன் போட்டுக் காய்ச்சல் என்றார். தலையணைமேல் தலையை வைத்துப் படுத்தே விட்டார்.

மனைவி வந்து நெற்றியில் கை வைத்தாள்.

"காய்ச்சலா உங்களுக்கு?"

"ம்."

"நெத்தி ஜில்லுன்னு இருக்கு."

"உள் காய்ச்சல்."

"காலையில தட்டைக் கழுவற வேலைகூட வைக்கலையே, அவ்வளவு சுத்தமா வழிச்சுச் சாப்பிட்டீங்க. சரி, எந்திரிங்க. உறையைத் துவைக்கப் போடணும்."

"இது வேணாம். இதுலதான் தூக்கம் வருது."

"தலையணைக்குப் பித்தளை பட்டன் எப்போ முளைச்சுது?"

கொலைகாரனுக்காவது மேஜையைத் தட்ட வேண்டும். இவருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. போட்டோவிலிருந்து தலையணை வரை ஒரே மூச்சில் கக்கிவிட்டார்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தாள். அவள் கத்தினால் இவருக்குப் பயம். யோசித்தால் பெரும் பயம்.

"ஆக, இன்ஸ்பெக்டர் சாகக் கூடாது. அதானே?"

"அதேதான்."

வாசலில் வேன் வந்து நின்றது. காலிங் பெல் அடித்தது. இன்ஸ்பெக்டர் குளியலறைக்குள் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். குழாய் சொட்டியது. ஒவ்வொரு சொட்டுக்கும் உடம்பு தூக்கிப் போட்டது.

"இன்னிக்கு சாரைச் சுட்டே ஆகணும் மேடம்." புரொடக்‌ஷன் மேனேஜரின் குரல். "டைரக்டர் காலையிலேர்ந்து துப்பாக்கியும் கையுமா உக்காந்திருக்கார்."

மனைவி என்னமோ தாழ்ந்த குரலில் சொன்னாள். மேனேஜர் சிரித்தார். ஏன் சிரிக்கிறார்? கதவில் காதை ஒட்டவைத்துக் கேட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. வேன் கிளம்பிப் போனது.

இவர் மெதுவாக வெளியே வந்து பார்த்தார். தலையணை தட்டையாகக் கிடந்தது. படிப்பு முடித்த நாளிலிருந்து ஹால் சோபாவிலேயே கிடந்த மச்சானையும் காணோம்.

"உன் தம்பி எங்க?"

"சாகப் போயிருக்கான்."

இவர் தலையணை உறைக்குள் கையை விட்டுத் துழாவினார். யூனிஃபார்ம் இல்லை.

"உங்க தொப்பை அளவுதான் அவனுக்கும். குப்புற விழணும், அவ்வளவுதான். முகத்தைக் காட்ட வேணாம், முதுகு போதும்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். முகம் தெரியாத பிணம் எந்த சீரியல்லங்க நிஜமாச் செத்திருக்கு? என்னிக்கு வேணும்னாலும் எந்திரிச்சு வரலாம்."

காலில் விழாத குறைதான். இருந்தாலும் சாயங்காலம் வரை போன் அடித்தபோதெல்லாம் அவர் சுவரோரமாகவே நடந்தார்.

மச்சான் முதுகெல்லாம் சிவப்புச் சாயத்தோடு வந்து சேர்ந்தான்.

"ஒரே டேக்கு, அக்கா."

"சுட்டாங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சுட்டாங்க அத்தான். ஆனா நான் கெடந்த அழகைப் பாத்துட்டு, இவனைச் சாகடிக்க மனசு வரலன்னுட்டார் டைரக்டர். இன்ஸ்பெக்டர் பிழைச்சிட்டார்."

இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"

"உங்களையா?"

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

"கதைப்படி, விழுந்த வேகத்துல இன்ஸ்பெக்டர் மூஞ்சி கல்லுல மோதிடுச்சாம் அத்தான். கொஞ்ச நாள் கட்டு. அப்புறம் ஆபரேஷன். கட்டைப் பிரிச்சா வேற முகம்."

"யார் முகம்?"

மச்சான் அடக்கமாகத் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

"ஆபரேஷன் யோசனை நான் குடுத்ததுதான்," என்றாள் மனைவி. "இன்ஸ்பெக்டரும் சாகல, எப்பப் பாரு படுத்தே கெடக்கான்னு நீங்க திட்டற பையனுக்கு வேலையும் ஆச்சு. உங்களுக்குத்தான் உள் காய்ச்சலாச்சே, ரெஸ்ட் எடுங்க."

மச்சான் விறைப்பாக நிமிர்ந்து நின்றான்.

"அத்தான், சல்யூட் எந்தக் கையில அடிக்கணும்?"