டேமேஜ் மாஸ்டரின் கொப்பரை

கடவுள் படைத்த எதுவும் டேமேஜ் மாஸ்டரின் செக்கிங்கில் முழுசாகப் பாஸ் ஆனதில்லை. பல்லடம் ரோட்டில் நான் டெய்லராக இருந்த பனியன் கம்பெனியில் அவர்தான் செக்கிங் மாஸ்டர். பனியனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். "டேமேஜுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திருப்பி வீசுவார். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் காலரைத் திருப்பித் தையல் பார்ப்பார். கேண்டீன் இட்லியின் ஓரம் பிசிறாக இருந்தால் அதுவும் ரிட்டர்ன்தான். அவருடைய நிஜப் பெயர் சம்பளக் கவருக்கு மட்டுமே தெரியும்.

அவருக்கு ஊரில் கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு வருஷம் கொப்பரை விலை படுத்துவிட்டது. வியாபாரிகள் கேட்ட விலைக்குக் காய் பறித்த கூலிகூடத் தேறாது. மகளைக் காலேஜில் சேர்க்கிற நேரம் வேறு. அப்போதுதான் மத்திய அரசாங்கமே ஆதார விலை கொடுத்துக் கொப்பரை வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. மாஸ்டரின் நடையே மாறிவிட்டது.

"நீங்க ஜெர்மனிக்கு அனுப்பறீங்க, நான் டெல்லிக்கு அனுப்பறேனுங்க. ரெண்டும் எக்ஸ்போர்ட்தானுங்களே" என்று முதலாளியிடமே சொல்லி லீவு வாங்கினார்.

கொப்பரையைக் காயவைத்தது அவர் மனைவி. வெயிலில் பரப்பி, காக்காய் விரட்டி, தூறல் விழுந்தால் தார்ப்பாய் இழுத்து மூடி, அந்த அம்மாள் பாதியாக இளைத்துப் போனார்.

கொள்முதல் நடந்த விற்பனைக் கூடத்தில் மூட்டை இறக்கப் புருஷனும் பெண்டாட்டியுமாக என்னையும் கூட்டிப் போனார்கள். அதிகாரி ஒரு கைப்பிடி எடுத்தார், உடைத்தார், மோந்தார். "நல்லாக் காஞ்சிருக்கு. எடை போடுங்க."

"இருங்க சார்" என்றார் மாஸ்டர். ஒரு கொப்பரையை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தார். "இதுல ஒரு புள்ளி இருக்குதுங்க. டேமேஜ்."

"பரவால்லைங்க, எடுத்துக்கலாம்."

"நீங்க எடுத்துக்குவீங்க. டெல்லிக்காரன் நஷ்டஈடு கேட்டு கிளைம் போட்டா யாருங்க கட்டறது?"

மூட்டைகளைத் தரையில் கொட்டிப் பொறுக்க ஆரம்பித்தார். நல்லது என்று ஒதுக்கியது ஒரு முறத்துக்குள் அடங்கும். டேமேஜ் என்று தள்ளியது மருதமலை மாதிரி வளர்ந்தது. வழக்கமாக அதிகாரியிடம் விவசாயிதான் கெஞ்சுவார். அன்று அதிகாரி கெஞ்சினார். வரிசையில் பின்னால் நின்றவர், "ஏனுங்க, அவரு கொப்பரை அவருக்கே புடிக்கலீனா எங்கள உடுங்க" என்றார்.

மாஸ்டரின் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் தணிவாகச் சொன்னார்: "கண்ணு, இவரக் கூட்டிட்டுப் போயி ஒரு டீ வாங்கிக் குடு. மெதுவா வந்தாப் போதும்."

டீக்கடையில் முதல் டீ வெளுப்பு. அடுத்ததில் சர்க்கரை அதிகம். அதற்கடுத்த டீ பிரமாதம், ஆனால் கிளாஸில் கீறல். நானும் விடாமல் தலையாட்டினேன்.

திரும்பி வந்தபோது தரை துப்புரவாக இருந்தது. அந்த அம்மாள் ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"அந்த டேமேஜெல்லாம் எங்க?"

"பாஸ் ஆயிருச்சுங்க."

"யாரு பாஸ் பண்ணுனா?"

"நான்தானுங்க."

மாஸ்டர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி அவசரமாக அடுத்த மூட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டார். சண்டை வரும் என்று நான் நினைத்தேன். மாஸ்டர் காலிச் சாக்குகளை உதறி மடித்தார்.

டெம்போவில் திரும்பும்போது அந்த அம்மாள் களைப்பில் அவர் தோளிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார். சீண்டலாம் என்று எனக்கு வாய் அரித்தது. "மாஸ்டர், அந்தப் புள்ளி விழுந்த கொப்பரை..."

தோளை அசைக்காமல் கையை மட்டும் உயர்த்தினார். "போவட்டும் கண்ணு. மெல்லப் பேசு, தூங்கறா."