பாடி கட்டாத சேசண்ணன்

நாமக்கல் சுற்றுவட்டாரத்திலேயே வெட்கம் என்ற சரக்கை இருப்பு வைத்துக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் சேசண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். லாரிக்குப் பாடி கட்டும் எங்கள் பட்டறையில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. எஞ்சின், சக்கரம், இரும்புச் சட்டம் மட்டுமாக மொட்டையாக வந்து நிற்கிற வண்டியை நாங்கள் சேஸ் என்போம். சாயங்காலம் வேலை முடிந்து, பட்டறைக்குப் பின்னால் தொட்டியடியில் அண்ணன் குளிக்கிற கோலமும் அதேதான். பலகை, தகடு, பெயிண்ட் ஒன்றும் கிடையாது. பிறந்த மேனி.

மற்றவர்கள் குளிப்பது பெரிய வித்தை. இடுப்பில் துண்டு, அதற்குள் ஈர ஜட்டி, துண்டின் ஒரு முனை பல்லில், ஒற்றைக் காலில் ஆட்டம். வாரத்துக்கு ஒருவராவது வழுக்கி விழுவார்கள். அண்ணன் முதுகுக்குச் சோப்புப் போட்டபடி, "எல்லாரும் ஒரே மாடலுதானுங்க. எதுக்கு இத்தன தார்ப்பாய் கட்டறீங்க?" என்பார். சொல்லிவிட்டு டீசல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அப்படி ஒருவர் நின்றுகொண்டு டீசல் விலை பேசினால் எங்கே பார்ப்பது என்று நமக்குத்தான் தெரியாது. நான் அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதற்காக அவரைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. குளித்து முடித்தால் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டு, மடிப்புக் கலையாத வேட்டியோடு முதலாளியைவிட முதலாளியாக இருப்பார். பெண்கள் யாராவது பட்டறைக்கு வந்திருந்தால் அன்று அவருக்குக் குளியலே இல்லை. "குளிச்சா முழுசாக் குளிக்கோணும், உடுத்துனா முழுசா உடுத்தோணும். பாதிப் பாதி எதுக்குங்க?" என்பது அவர் கட்சி.

புதிதாகச் சேர்ந்த வெல்டர் ஒருவர், எல்லோரும் 'சேசு, சேசு' என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, அது ஏசுவின் பெயர் என்று நினைத்து, கிறிஸ்துமஸுக்கு அவருக்குக் கேக் வாங்கி வந்து வாழ்த்துச் சொன்னார். அண்ணன் மறுக்கவில்லை. முழுக் கேக்கையும் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த வருசமும் நெனப்பு வெச்சுக்குங்க சாமி" என்றார்.

பிறகு கேமரா வந்தது. இரும்பு திருட்டுப் போகிறது என்று முதலாளி நாலாப் பக்கமும் மாட்டினார். அதில் ஒன்று தொட்டியைப் பார்த்தது. அதன் படம் முதலாளியம்மாவின் செல்லில் தெரியும். மறுநாள் முதலாளி முகம் சிவக்க வந்து நின்றார்.

"அண்ணா, இனிமே ஒரு துண்டு கட்டிக்கோங்க."

"ஐயோ, அம்மா பாத்துப்போட்டாங்களா? தப்புதானுங்க." அண்ணன் நிஜமாகவே வருத்தப்பட்டார். உடனே போய் ஏணியை எடுத்து வந்தார். மேலே ஏறி, துண்டைக் கேமராவுக்குக் கட்டிவிட்டு இறங்கினார்.

இத்தனைக்கும் சிரித்தேனே தவிர, ஸ்டோர் பொறுப்பில் இருந்த நான் ஒருநாளும் அந்தத் தொட்டியில் குளித்தவனில்லை. என் முதுகிலும் வயிற்றிலும் வெண்புள்ளி. பதினைந்து வயதிலிருந்து பனியனோடு குளித்து, பனியனோடு தூங்குகிறவன். அதைச் சொன்னதும் இரண்டு சம்பந்தம் நின்றுபோயிற்று. மூன்றாவதாகப் பரமத்தி வேலூரில் பெண் அமைந்தபோது, இந்தத் தடவை மூச்சு விடக் கூடாது, கல்யாணம் முடியட்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். நிச்சயம் முடிந்து பத்திரிகையும் அடித்தாயிற்று. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் ஸ்டோரில் பெயிண்டுக்குக் கலக்கும் தின்னர் டின்னை இறக்கும்போது மூடி கழன்று அத்தனையும் என் மேல் கொட்டியது. எரிச்சலில் கத்தினேன். சேசண்ணன் ஓடி வந்து சட்டையையும் பனியனையும் சேர்த்துக் கிழித்தெறிந்தார். தொட்டியடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார். எரிச்சல் அடங்கிய பிறகுதான் கவனித்தேன், மொத்தப் பட்டறையும் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றது. செத்துவிடலாம் போலிருந்தது.

அண்ணன் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஏஞ்சாமி, வெள்ளப் பிரைமர் அடிச்சுப் பாதியில உட்டுட்டாங்களா?"

பெயிண்டர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு, அண்ணன் வழக்கம்போல அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குளிக்க ஆரம்பித்தார். அவர் நெற்றியைப் பார்த்து என் கதை முழுவதையும் சொன்னேன். சோப்புப் போட்ட கை நின்றது.

"அந்தப் புள்ளைக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்ணா. கல்யாணம் ஆவட்டும்ங்கறாங்க."

"பாடி கட்ட வாரவங்ககிட்ட மொதல்ல வெறும் சேஸத்தானே வெச்சுப் பேசறோம்? அவங்க செரீன்னதுக்கப்பறந்தான் ஒரு பலகை வெக்கறோம். போனப் போடுங்க."

"வேண்டாம்னுட்டாங்கன்னா?"

"இப்பச் சொன்னா வேண்டாம்னு சொல்ல அந்தப் புள்ளைக்கு வழி இருக்குது. அப்பறம் சொன்னா அதும் இல்லீங்களே."

போட்டேன். சொன்னேன். "எங்க, காட்டுங்க பாக்கலாம்" என்று அவள் வீடியோவுக்கு மாறினாள். திரையின் மூலையில், என் தோளுக்குப் பின்னால், உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு சேசண்ணன். அவரும் பார்த்துவிட்டார். அடுத்த நொடி தொபுக்கென்று ஒரு சத்தம். யாருக்கும் மறையாத மனிதர் எனக்காகத் தொட்டிக்குள் தலைவரை முங்கிவிட்டார்.

நான் திரும்பி முதுகைக் காட்டினேன். வயிற்றைக் காட்டினேன். தொட்டியில் குமிழி வரும் சத்தம்தான் கேட்டது.

"பின்னால என்னங்க கொப்பளிக்குது?"

"எருமைங்க."

"பட்டறையில எருமையா?"

"குளிக்க வருமுங்க."

ஒரு மூக்கு மட்டும் வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

"வலிக்குமாங்க இது?"

"வலிக்காதுங்க. யாருக்கும் ஒட்டாது."

"உங்க ஊட்ல சொல்ல வேண்டாம்னிருப்பாங்களே?"

"ஆமாங்க."

"நீங்களாச் சொன்னீங்கல்ல, அது போதும். எங்கப்பாகிட்ட நாம்பேசிக்கறேன். மொதல்ல அந்த எருமைய வெளிய வரச் சொல்லுங்க, மூச்சு முட்டிக்கப் போவுது." போனை வைத்துவிட்டாள்.

அண்ணன் இருமிக்கொண்டே எழுந்து, கண்ணாலேயே என்ன ஆச்சு என்று கேட்டார். தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது. ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "நன்றிங்ணா" என்றேன்.

"பன்னியா? எங்கீங்க?" என்று தொட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

இரண்டு காதிலும் தண்ணீர் போய் அடைத்திருந்தது. மூன்று நாள் கழித்துத்தான் திறந்தது. அதற்குள் எனக்குக் கூச்சம் வந்துவிட்டது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது, இப்போது நானும் அந்தத் தொட்டியில் பனியன் இல்லாமல் குளிக்கிறேன், அந்த நன்றியை மட்டும் மறுபடி சொல்ல வாய் வரவில்லை. பட்டறை எதிரே டீக்கடையில் அண்ணன், நான் இதை எழுதி அனுப்புகிற இந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பார். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நன்றிங்ணா. பன்னி இல்லீங்க, நன்றி.